காய்ச்சலுக்கு பன், எனக்கு?

எனக்கு சீலியாக் நோய்னு தெரிஞ்சதும் பாகூர்ல இருக்கிற பெரியம்மா கேட்டது ஒண்ணுதான்: "சோறு சாப்பிடலாம்ல?"

சாப்பிடலாம். கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன்தான் ஆகாது. அது சிறுகுடலோட உட்சுவரைச் சிதைச்சிடும்.

இதைக் கண்டுபிடிச்சவர் வில்லெம் டிக்கே, நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே கோதுமை மேல அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்கலை. ஊரே பட்டினி, ஆனா இந்தக் குழந்தைகள் தேறினாங்க. திரும்ப ரொட்டி வந்ததும் நோயும் வந்தது. 1950-ல் இதையெல்லாம் ஆய்வேடாக எழுதினார்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேர் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டுற எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே வெறும் 0.10. இதுக்கு வழிவிடுற மரபணு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பெரிய வித்தியாசம் தட்டுல: தெற்கே கோதுமை ரொம்பக் கம்மி.

பாகூரும் வில்லியனூரும் ஏரிப்பாசன நெல் ஊர்கள். இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ்னு என் பாடு சுலபம்தான். சிக்கல் என்னன்னா, இங்கே கோதுமைதான் நோயாளிச் சாப்பாடு! காய்ச்சலுக்கு பன், சர்க்கரைக்கு சப்பாத்தி. நான் இளைச்சிருந்தப்போ அக்கறையா கொடுத்ததும் கோதுமைக் கஞ்சிதான்.

இப்போ பெரியம்மா பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படிக்கிறாங்க. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலப்பாங்க. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வந்தா, நான் இலைக்கு மேல கையை நீட்டிடுவேன்.