சாவியும் எண்ணும்



திரிங்காப் சாலையில் காய்கறிக் கூடைகளையும் உரமூட்டைகளையும் சுமந்து செல்லும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளும் அவற்றுள் உண்டு. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம்; பிரேக் பழுதானால் பழுது பார்க்கிறோம். ஆனால் இருக்கும் ஒரே சாவி தொலைந்துவிட்டால் என்ன செய்வது? வண்டி நிற்கும், பறித்த கீரை வாடும், அன்றைய வருமானமும் போகும். பழைய வண்டிக்கு மாற்றுச் சாவி செய்வதற்கு ஒரு முறை உண்டு. அது விளங்க வேண்டுமானால் சாவியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

பூட்டு மிகப் பழமையான கருவி. பண்டைய எகிப்தியர் மரத்தால் பூட்டுச் செய்தனர். தாழ்ப்பாளில் உள்ள துளைகளில் மேலிருந்து சிறு முளைகள் விழுந்து, அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதே அமைப்பில் பற்கள் கொண்ட மரச் சாவியை உள்ளே விட்டு உயர்த்தினால் முளைகள் மேலே எழும், தாழ்ப்பாள் நகரும். அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் என்பவர் இந்தப் பழைய கருத்தையே சிறிய உலோக உருளைக்குள் அடக்கி, 1861, 1865 ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். சட்டைப் பையில் அடங்கும் தட்டையான சாவி பரவியது அதன் பிறகுதான்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் பூட்டின் பெயரை அறியாதவர் குறைவு. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கைவினைஞர் பூட்டையும் அதற்குரிய சாவியையும் அரத்தால் அராவிச் சேர்த்தே செய்வார். ஆனால் கார்த் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வெளிவரும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அராவ நேரமேது? ஆகவே சாவியின் வடிவங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்.

லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு இருந்ததால் அதன் மேல்தகடுகளை அலுமினியக் கலவையால் செய்தனர். அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் படையினர் மலாயாவில் அவ்வண்டியைப் பயன்படுத்தினர். மண்பாதையும் மேடும் நிறைந்த நம் மலைக்கு அது மிகவும் பொருந்திப்போயிற்று.

அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் சாவியின் தலையிலும், பூட்டின் முகத்திலும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாக, எஃப்.எஸ். என்னும் வரிசை 876 முதல் 955 வரை செல்லும். அதாவது எண்பது வடிவங்களே! ஆகவே ஒருவருடைய சாவி மற்றொருவர் வண்டியைத் திறப்பதும் உண்டு. எண் வெளியே தெரிந்தது உரியவருக்கு வசதி, திருடனுக்கும் வசதி.

இனி, பூட்டு வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். அவ்வண்டிகளின் பூட்டு உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சிறு சுருள்வில்கள் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்ததும் தகடுகள் எல்லாம் உருளையின் மட்டத்துக்கு வந்து நிற்கும், உருளை திரும்பும். ஒரு தகடு சற்று நீட்டிக்கொண்டிருந்தாலும் திரும்பாது.

சாவியும் பித்தளையே. ஆண்டுக்கணக்கில் நுழைந்து வெளிவந்து அதன் பற்கள் தேய்ந்துபோகும். தேய்ந்த சாவியை வைத்து நகல் வெட்டினால் இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் பிழை மேலும் வளரும். ஒரு நாள் குளிர்ந்த காலையில் சாவி திரும்பவே திரும்பாது. எண் தெரிந்திருந்தால் இந்தத் துன்பம் இல்லை. எண்ணுக்குரிய அளவில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். பழைய பூட்டில் புதுச் சாவி தொடக்கத்தில் சிறிது இறுக்கமாக இருக்கலாம்; பூட்டுக்குள் உள்ள தகடுகளும் தேய்ந்திருப்பதே காரணம்.

எண்ணும் இல்லை, சாவியும் இல்லை என்றால், பூட்டு உருளையைக் கழற்றிச் சாவி செய்பவரிடம் கொண்டு செல்லலாம். தகடுகளின் உயரத்தைப் பார்த்து அவர் வெற்றுச் சாவியை அராவித் தருவார். பூட்டையே மாற்றுவது கடைசி வழி. நேர்மையான தொழிலாளி வண்டி யாருடையது என்று கேட்பார். கேட்டால் கோபப்படாதீர்கள், பதிவுச் சான்றைக் காட்டுங்கள். அந்தக் கேள்வி உங்கள் வண்டிக்கும் காவல்தான்.

புதிய வண்டிகளில் நிலை வேறு. 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குத் திருட்டுத் தடுப்பு மின்னணுக் கருவி கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டியில் சாவிக்குள் உள்ள சில்லுக் குறியை வண்டி அடையாளம் கண்டால்தான் என்ஜின் இயங்கும். பற்களை மட்டும் வெட்டினால் போதாது, செலவும் கூடும். பழைய வண்டியின் சாவியோ ஊர்க் கடையில் வெட்டக்கூடியது. அந்த வசதி நிலைக்க வேண்டுமானால் எண் அழியக்கூடாது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ முதலாளியிடமோ பழைய வண்டி இருந்தால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பூட்டின் முகத்தைத் துணியால் துடைத்து எண்ணைப் படித்து, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்த எண்ணை மறைக்காதீர்கள். சாவி நன்றாக இருக்கும்போதே ஒரு மாற்றுச் சாவி செய்து, திருப்பிப் பார்த்து, வண்டிக்குள் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.

நம் குடும்பத்தின் பிறப்புச் சான்றுக்கும் அடையாள அட்டைக்கும்கூட இது பொருந்தும். எழுத்தில் உள்ள எண் ஒன்று கையில் இருந்தால், தொலைந்த தாளுக்கு மாற்றுக் கேட்டுச் செல்லும் நாளில் அலைச்சல் குறையும். பாட்டி சொன்ன தேதி, பக்கத்து வீட்டார் சொன்ன ஊர்ப் பெயர் ஆகியவை வாய் மாறி மாறித் தேய்ந்துவிடும். பிள்ளைகள் எழுதப் பழகியிருக்கிறார்கள் அல்லவா? வண்டியின் எண்ணையும் இந்த எண்களையும் அவர்கள் கையாலேயே இன்றிரவு எழுதச் சொல்லுங்கள்.