பாசிக்குப் பசி!

ராத்திரி பத்து மணிக்கு போன். செங்கல்பட்டிலிருந்து நண்பர்.

"சார், தொட்டியிலேர்ந்து வழிச்சு எடுத்த பாசி ஒரு பக்கெட் இருக்கு. காலையில கோவளம் பக்கம் போறேன். அப்படியே கடல்ல கொட்டிட்டு வந்துடலாம்னு பார்க்கறேன். எப்படியும் அது கடலோட சொத்துதானே?"

"ஐயையோ, கொட்டாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நண்பர் வீட்டு ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், 'நீமோ' மீன் ஜோடி, பவளப்பாறை மாதிரியே செய்த செயற்கைக் கற்கள். நிஜப் பவளம் கிடையாது. நம் கடலிலிருந்து கல் பவளத்தை எடுப்பது குற்றம். 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்குக் கொடுக்கிற அதே மரியாதை!

மூன்று மாதம் தொட்டி ஜொலித்தது. நாலாவது மாதம் கற்களின் மேல் தலைமுடி போலப் பச்சைப் பாசி. கூடவே, ஏதோ ஒரு கல்லோடு ஒட்டி வந்த, இறகு மாதிரி அழகான இன்னொரு பாசி. எந்த ஊர்க் கடலிலிருந்து வந்ததோ! நண்பர் ஒரு பாசி மருந்து வாங்கி ஊற்றினார். பாசி செத்தது. நத்தைகளும் செத்தன. இரண்டே வாரத்தில் பாசி மட்டும் திரும்பி வந்துவிட்டது!

இந்தத் தலைவலி நண்பருக்கு மட்டும் வந்ததல்ல. வயது நூற்று எழுபதுக்கும் மேல்.

1846. இங்கிலாந்தின் டார்க்வே கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார் அன்னா தைன் என்கிற சீமாட்டி. லண்டனில் ஏது கடல்? தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்ற வழியில்லை. எனவே வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று, நம்மூர் டீ மாஸ்டர் டீ ஆத்துகிற மாதிரி, அந்தக் கடல் தண்ணீரை தினமும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆத்தினார். காற்று கலக்கவேண்டுமே! அடுத்த வருடம் தைன் அம்மையார் கடல் பாசியையும் உள்ளே சேர்த்தார். பாசி பிராணவாயு கொடுக்க, பவளங்கள் பிழைத்துக்கொண்டன. ஆக, வீட்டுக் கடல் தொட்டியின் கதையில் பாசி வில்லனாக நுழையவில்லை. விருந்தாளியாகத்தான் அழைக்கப்பட்டது.

விருந்தாளி எப்போது தொல்லையானார்? அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், 1850-ல் நன்னீர்த் தொட்டியில் தங்கமீனையும் செடியையும் வைத்துப் பார்த்தார். இலைகள் அழுகின, பச்சை வழுக்கல் படர்ந்தது. அவர் எந்த ரசாயனத்தையும் தேடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை மேய்ந்து கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்கிவிட்டன. பிறகு கடல்நீர்த் தொட்டியிலும் கடல் நத்தைகளை வைத்து அதே வேலையைச் செய்தார். பாசியைத் தின்ன ஆள் வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

சென்னைக்குக் கடல்மீன் காட்சிச்சாலை 1909-ல் வந்தது. அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி, மெரினாவில் திறந்தார்கள். 1942-ல் ஜப்பான் குண்டு போடுமோ என்ற பயத்தில் மூடினார்கள். அதற்கு எதிரிலேயே வங்காள விரிகுடா இருந்தது! நம் செங்கல்பட்டு நண்பருக்கோ கடல் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற, போர் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தார்.

அங்கேதான் வம்பு. வற்றுவது வெறும் தண்ணீர். அதிலிருந்த நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீரில் வருவதும் சேரும். மீனுக்கு அள்ளிப்போட்ட தீனியில் மிச்சம் அழுகி, அதுவும் சேரும். நெல்லுக்கு யூரியா எப்படியோ, பாசிக்கு இதெல்லாம் அப்படி! மருந்து ஊற்றி பாசியைக் கொன்றால், செத்த பாசி அழுகி, தின்ற உரத்தையெல்லாம் மறுபடி தண்ணீரிலேயே கக்கிவிடும். அடுத்த பாசிக்கு விருந்து ரெடி. மருந்தில் தாமிரம் இருந்தால் நத்தை, இறால்கள் கதை முடிந்தது. மேய்கிறவனைக் கொன்று பயிருக்கு உரமும் போட்டால் பாசி ஏன் வளராது?

கடலிலேயே இப்படி நடந்திருக்கிறது. 1983-ல் கரீபியன் கடலில் ஒரு மர்ம நோய் பரவி, பாறைகளில் பாசி மேய்ந்துகொண்டிருந்த கறுப்பு முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே அளவில்லாமல் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-ல் வீசிய புயலிலும் பவளங்கள் நொறுங்கியிருந்தன. விளைவு? 1970-களின் கடைசியில் பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம். 1990-களின் தொடக்கத்தில் வெறும் 3 சதவீதம். பாசி 92 சதவீதம்!

அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி முள்ளை முள்ளால் எடுத்தார். தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு தட்டில் ஓடவிட்டு, அதன்மேல் பிரகாசமான விளக்கைப் போட்டு, அங்கே பாசியை வேண்டுமென்றே வளர்த்தார். அது உரத்தையெல்லாம் உறிஞ்சும். அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்துவிட்டால், அழுக்கும் அதோடு வெளியே!

சரி, அறுத்த பாசியை எங்கே போடுவது? நண்பர் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம்.

1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் கீழே, கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குப் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. 'காலெர்ப்பா' என்ற இறகுப் பாசி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் தொட்டிகளில் அழகுக்காக வளர்த்த ரகம். 1989-ல் அது ஒரு ஹெக்டேர். அலெக்ஸாண்டர் மெய்னஸ் என்ற உயிரியலாளர் எச்சரிக்கை மணி அடித்தார். அருங்காட்சியகம், 'எங்களுடையது இல்லை' என்றது. வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. பிற்பாடு மரபணுச் சோதனையில் தொட்டி ரகமேதான் என்று தெரிந்தபோது, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியிருந்தது. 2000-ல் அது கலிஃபோர்னியாவில் தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் செலுத்தி, 70 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, 2006-ல்தான் ஒழித்தார்கள்.

'அதெல்லாம் வெளிநாட்டில்' என்று நினைக்காதீர்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் இருக்கிறது குருசடைத் தீவு. எம்.ஓ.பி. அய்யங்கார் என்ற நம்மூர் மேதை 1920-களில் அங்கே போய்ப் பாசிகளை ஆராய்ந்தார். அவர் பார்த்திருக்கவே முடியாத ஒன்று பின்னாளில் அங்கே வந்து சேர்ந்தது. பெயர் கப்பாஃபைகஸ், பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் பொருள் அதிலிருந்து கிடைப்பதால் 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பாக் நீரிணைக் கரையில் மிதவைகளில் வளர்த்து எத்தனையோ மீனவப் பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள். அந்த வருமானத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னது: குருசடையில் மான்கொம்பு போல் கிளைத்த பவளங்களின் மேல் இந்தப் பாசி போர்வை போலப் படர்ந்து மூச்சை அடைக்கிறது. வனத்துறையினர் தண்ணீரில் இறங்கிக் கையால் பிடுங்கவேண்டியதாயிற்று. ஒரு துண்டு தப்பினால் போதும், மறுபடி தழைத்துவிடும்.

போனில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"அப்ப என்ன சார் பண்றது?"

"மொட்டை மாடியில சுக்காக் காயப்போட்டு, குப்பையில போடுங்க. தீனியைப் பாதியா குறைங்க. வத்தற தண்ணிக்கு ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. வாரா வாரம் கொஞ்சம் பழைய உப்புத்தண்ணியை எடுத்துட்டு, புதுசா கரைச்சு விடுங்க. விளக்கை எட்டு மணி நேரத்துல அணைச்சுடுங்க. மருந்து வேண்டாம், பாசி மேயற நத்தையை விடுங்க. ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருங்க."

அடுத்த முறை மாமல்லபுரம் போனால் கடற்கரைக் கோயில் பக்கத்துப் பாறைகளைக் கவனியுங்கள். வழுக்கும், ஜாக்கிரதை! அங்கேயும் பச்சைப் பாசி உண்டு. நத்தைகள் மேய்கின்றன, அலை அடித்துப் பிய்த்துக்கொண்டு போகிறது, மறுபடி முளைக்கிறது. யாரும் யாரையும் ஒழிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து நண்பர் போன் செய்தார். "கல்லு தெரியுது சார்! மீனுங்கதான் கோவமா பார்க்குது. ஒரு வேளை சாப்பாட்டைக் கட் பண்ணிட்டேன்ல?"