ஒரே பட்டம், இரண்டு நாற்காலிகள்

ரெட்டியார்சத்திரத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்குக் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை வந்தால், ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்லை. திண்டுக்கல்லைத் தாண்டி மதுரை சாலையில் போனால் காந்திகிராமப் பல்கலைக்கழகம். மலையேறினால் கொடைக்கானலில் 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். ஆனால் அந்தப் பட்டம் அவரை எந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்று பார்த்தால் மனசு கனக்கிறது.

ஒன்று, கல்வியியல் கல்லூரி முதல்வரின் நாற்காலி. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, பி.எட். கல்லூரிக்கு முதல்வராக முனைவர் பட்டம் கட்டாயம். எம்.எட். முடித்திருக்க வேண்டும், ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் எட்டாண்டு கற்பித்த அனுபவமும் வேண்டும். பட்டம் இல்லையென்றால் அங்கே கதவு திறக்காது.

மற்றொன்று, அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் நாற்காலி. பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தவர் உயர்நிலைப் பள்ளி எச்.எம். ஆவதும், முதுகலை ஆசிரியர் மேல்நிலைப் பள்ளி எச்.எம். ஆவதும் பணிமூப்பின் வழியில்தான். பதவி உயர்வுப் பட்டியலான ‘பேனல்’ வெளியானதும் எல்லோரும் பார்ப்பது பணியில் சேர்ந்த தேதியை. பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ இருப்பதால் யாரும் ஒரு வரிசைகூட மேலே போவதில்லை. பணிமூப்பை நான் குறைசொல்லவில்லை. சிபாரிசுக்கு இடம்கொடுக்காத முறை அது. ஆனால் ஆறு வருடம் உழைத்து வாங்கிய படிப்புக்கு அந்த முறையில் இடமே இல்லை என்பதும் உண்மை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, எட்டாம் வகுப்புவரை கற்பிக்கிறவர் பதவி உயர்வு பெற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். முனைவர் பட்டம் அதற்கு ஈடாகாது.

சம்பளத்திலும் இதே கதைதான். உயர்கல்வி முடித்தால் மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த ஊக்க ஊதிய உயர்வை, 2020 மார்ச் 10ஆம் தேதியிட்ட அரசாணை நிறுத்தியது. அரசு ஊழியர்களுக்கு அதன் இடத்தில் பின்னர் வந்தது ஒரே தடவை தரும் தொகை: முனைவர் பட்டத்துக்கு 25,000 ரூபாய். பகுதிநேர ஆய்வாளர் கட்டணத்துக்கும் தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் போக்குவரத்துக்கும் செலவழிப்பதை எண்ணிப் பார்த்தால், இது எந்த மூலைக்கு?

ஆக, பட்டம் வாங்கிய ஆசிரியருக்கு அதன் முழு மதிப்பு கிடைப்பது பள்ளியை விட்டு வெளியே போனால்தான். கல்வியியல் கல்லூரி அழைக்கிறது. பெயர்ப்பலகையில் ‘டாக்டர்’ இருந்தால் பெற்றோர் நம்புவார்கள் என்று நினைக்கும் தனியார் பள்ளி நிர்வாகமும் அழைக்கிறது. அரசுப் பள்ளியிலேயே இருப்பவருக்கு எஞ்சுவது மனநிறைவு மட்டுமே.

பட்டத்துக்கு இந்த நிலை வந்ததில் ஆய்வேடுகளுக்கும் பங்கு உண்டு. எந்தப் பள்ளி ஆசிரியர் அறையிலும் காணலாம். மதிய இடைவேளையில் யாரோ ஓர் ஆய்வாளர் வினாப்பட்டியல் கட்டோடு வந்து நிற்பார். “சார், ஒரு பத்து நிமிஷம்தான், டிக் மட்டும் அடிச்சாப் போதும்.” ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் டிக் விழும். அதிலிருந்து ‘ஆசிரியர்களின் பணிநிறைவு’ பற்றி ஓர் ஆய்வேடு பிறக்கும். ‘டி-சோதனை’ என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது முடியும். அந்தப் பள்ளிக்கு அதன் ஒரு பிரதிகூட திரும்பி வராது.

அமெரிக்காவும் இதே சிக்கலில் மாட்டியது. ஹார்வர்டு 1920களிலேயே கல்வியாளர்களுக்கென்று தனி முனைவர் பட்டம் தரத் தொடங்கியது. காலப்போக்கில் அது வழக்கமான ஆராய்ச்சிப் பட்டத்தின் நகலாகிவிட்டது என்ற விமர்சனம் அங்கே வலுத்தது. 2007இல் கார்னகி அமைப்பின் துணையோடு பல பல்கலைக்கழகங்கள் கூடி, ஆய்வாளர் தாம் பணிபுரியும் இடத்தின் சிக்கலையே ஆய்வேடாக எடுக்கலாம் என்று பட்டத்தைத் திருத்தி அமைத்தன. 2010இல் ஹார்வர்டு தொடங்கிய கல்வித் தலைமைக்கான மூன்றாண்டுப் பட்டத்தில், கடைசி ஆண்டு முழுக்கக் களப்பணிதான்.

அந்தத் திருத்தத்தை இங்கே செய்யப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. குறைந்தது 12 கிரெடிட் பாடமும் மூன்றாண்டும் போதும். பணிபுரியும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்தைக் கோடை விடுமுறையில் நடத்தலாம். தலைப்பைத் தீர்மானிப்பது ஆய்வு ஆலோசனைக் குழு. தலைப்புக்கும் இங்கே பஞ்சமில்லை. காய்கறியும் பூவும் பறிக்கும் பருவத்தில் எந்த வகுப்பில் யார் யார் வருவதில்லை என்பது இந்தப் பகுதி எச்.எம். அறிந்த விஷயம், பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையத்தளத்தில் தினமும் ஏறும் வருகைப் பதிவு அவர் கையிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். அவர்களுக்காக அவர் எடுத்த முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை மூன்றாண்டு தொடர்ந்து பதிவு செய்து ஆய்வேடாகக் கொடுத்தால், ‘மாதிரி அளவு போதாது’ என்று அந்தக் குழு திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும்.