ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் தமிழகக் கடற்கரையையும் ஒரே காலையில் தாக்கியது. ஆயினும் அதனைத் தொடர்ந்த தொண்டுப் பணியின் வரலாறு இரண்டிடத்தும் ஒன்றன்று. நிக்கோபாருக்குள் வெளியார் நுழைவதற்கு 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி இசைவு வேண்டும். நடு அந்தமானின் ரங்கத்தோ போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலைவழி ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவிலுள்ளது. தீவுகளில் உதவி சென்று சேர்வதே அரிதாக இருக்க, நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த உதவியே சிக்கலாயிற்று.

ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த அம்மாவட்டத்திற்கு நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்தன. எவரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் சாலையோரம் மலையாய்க் கிடந்தன. இந்நிலையில் 1984 முதல் அங்குப் பணியாற்றிவந்த சிநேகா அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இணைந்து 2005 சனவரித் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நிறுவின. எவ்வூருக்கு எது தேவை, யார் எதனைத் தருகின்றனர் என்னும் செய்தியைத் திரட்டித் தருவதே அதன் முதற்பணி. பொருள் வழங்குவதில் பிற நிறுவனங்களோடு அது போட்டியிடவில்லை. அரசும் சிறு குழுக்களும் ஒருங்கே அதனை ஏற்றமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம். 2005 சனவரி 13ஆம் நாளிட்ட அரசாணை 25, நிரந்தர வீடு கட்டும் பணியில் தொண்டு நிறுவனங்களுக்கு இடமளித்தபின் இத்தகைய இடைநிலை அமைப்பின் தேவை மிகுந்தது.

ஊர்த் தேவைகளைச் சொன்னவர் யார் என்பது இங்கு நோக்கத்தக்கது. மீனவ ஊர்களில் நிவாரணப் பட்டியல்கள் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தார் வழியே உருவாயின. தலைக்கட்டு வரி செலுத்தும் ஆண்களை அடிப்படையாகக் கொண்ட அம்முறையில் கைம்பெண்களும், மீன் விற்கும் மகளிரும், கடற்கரையை அடுத்து வாழ்ந்த தலித் கூலித் தொழிலாளரும், இருளரும் எளிதில் விடுபட்டனர். பஞ்சாயத்தாரைத் தவிர்த்து ஊருக்குள் எதுவும் செய்ய இயலாது. அவர்களை மட்டும் நம்பினாலோ இவர்கள் விடுபடுவர். ஒருங்கிணைப்பாளர்கள் எதிர்கொண்ட மெய்யான இக்கட்டு இது.

படகு வழங்கலில் மையத்தின் எல்லை புலப்பட்டது. படகு, கொடையாளரின் கண்ணுக்குத் தெரியும் கொடை, படமெடுக்க ஏற்றது. தேவைக்கு மிகுதியாகக் கண்ணாடி இழைப் படகுகள் வந்திறங்கின; கட்டுமரம் மேலும் அருகியது. மிகைப் படகுகள் மீன்வளத்திற்குக் கேடாகும் என மீனவர் கூட்டமைப்பு எச்சரித்தும் கொடை நிற்கவில்லை. செய்தியைத் திரட்டித் தரும் ஆற்றல் மையத்திற்கு இருந்தது. மறுக்கும் அதிகாரம் இல்லை.

பின்னர் இம்மையம் ஒருங்கிணைப்பு மற்றும் வள மையமாக விரிந்து, அதன் அனுபவத்திலிருந்து பெட்ராக் என்னும் பேரிடர்த் தாங்குதிறன் அமைப்பு உருவாயிற்று. நிவாரணம் முடிந்ததும் நிறுவனங்கள் பல ஊர் திரும்ப, இவ்வமைப்பு நாகப்பட்டினத்திலேயே தங்கியது.