இழைமணி

இழைமணி அல்லது மைட்டோகாண்ட்ரியா என்பது மெய்க்கருவுயிரிகளின் உயிரணுக்களில் காணப்படும், இரட்டைச் சவ்வு கொண்ட நுண்ணுறுப்பு ஆகும். உயிரணுவுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி இங்கு உருவாவதால் இது உயிரணுவின் ஆற்றல் நிலையம் எனப்படுகிறது. 1898இல் செருமானிய அறிவியலாளர் கார்ல் பெண்டா, இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பெயரிட்டார். தமிழ்ப் பெயரும் அப்பொருளையே தருகிறது.

அமைப்பு

வெளிச்சவ்வு வழவழப்பானது. உட்சவ்வு பல மடிப்புகளைக் கொண்டது. இம்மடிப்புகள் வேதிவினைகளுக்கான பரப்பை அதிகரிக்கின்றன. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் இதயத்தசை உயிரணுக்களில் இழைமணிகள் ஏராளமாக உள்ளன. மனிதரின் முதிர்ந்த சிவப்பணுக்களில் இவை இல்லை.

ஆற்றல் உற்பத்தி

குளுக்கோசு முதலில் இழைமணிக்கு வெளியே பைருவேட்டாகச் சிதைகிறது. இதில் நிகரமாக 2 ஏடிபி மூலக்கூறுகள் கிடைக்கின்றன. பைருவேட்டு இழைமணிக்குள் சென்று மேலும் சிதைக்கப்படும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள், உட்சவ்விலுள்ள புரதங்கள் வழியாகக் கடந்து இறுதியில் ஆக்சிசனை அடைகின்றன. அங்கு நீர் உண்டாகிறது. இவ்வாற்றலால் புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே ஏற்றப்படுகின்றன. அணை நீர் சுழலியைச் சுழற்றுவது போல, அவை திரும்பி வரும்போது ஒரு நொதியைச் சுழற்றி ஏடிபியை உருவாக்குகின்றன. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து மொத்தமாக ஏறத்தாழ 30 முதல் 32 ஏடிபி கிடைக்கும். 1961இல் இக்கோட்பாட்டை முன்வைத்த பீட்டர் மிட்செல் 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சயனைடு நஞ்சு, எலக்ட்ரான்களை ஆக்சிசனிடம் சேர்க்கும் நொதியைத் தடுக்கிறது. இதனால் இரத்தத்தில் ஆக்சிசன் இருந்தும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை.

பிற செயற்பாடுகள்

* வெப்பம்: பச்சிளங் குழந்தைகளின் பழுப்புக் கொழுப்புத் திசுவில் புரோட்டான்கள் ஏடிபியை உருவாக்காமலேயே திரும்புகின்றன. அவ்வாற்றல் வெப்பமாக வெளிப்பட்டு உடலைக் குளிரிலிருந்து காக்கிறது.
* கால்சியம்: உயிரணுவிலுள்ள கால்சியம் அயனிகளைத் தேக்கி வைத்து அவற்றின் அளவைச் சீராக்குகிறது.
* உயிரணு இறப்பு: எலக்ட்ரான்களைக் கடத்தும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் இழைமணியிலிருந்து வெளியே கசிந்தால், உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிகழ்வு தொடங்குகிறது. சேதமடைந்த உயிரணுக்கள் இவ்வாறு நீக்கப்படுகின்றன. பல புற்றுநோய் உயிரணுக்கள் இந்நிகழ்விலிருந்து தப்பிவிடுகின்றன.

மரபியலும் நோய்களும்

இழைமணி தனக்கென வட்ட வடிவ டிஎன்ஏ கொண்டது. மனிதரில் இது 16,569 கார இணைகளும் 37 மரபணுக்களும் உடையது. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்குச் செல்கிறது. இதில் ஏற்படும் பிறழ்வுகள் கண் நரம்பு, மூளை, தசை போன்றவற்றைப் பாதிக்கலாம். இத்தகைய நோய்கள் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதைத் தவிர்க்க, நலமான இழைமணிகள் கொண்ட மற்றொரு பெண்ணின் கருமுட்டையைப் பயன்படுத்தும் முறைக்கு 2015இல் ஐக்கிய இராச்சியம் சட்ட அனுமதி வழங்கியது.