பவர் பத்திரத்தோடு பர்மா போனவர்கள் வேலையை எப்படி விட்டார்கள்?



பி.காம். படிக்கிற எல்லோரும் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டிருப்போம். முதலாளி ஏஜெண்டை நீக்குவது பற்றி நிறையப் படிக்கிறோம். ஏஜெண்டே "எனக்கு வேண்டாம், ஆளை விடுங்கள்" என்று சொன்னால்? அதற்கும் 201-வது பிரிவில் இடம் இருக்கிறது.

ஆனால் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. நியாயமான அளவு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வருகிற நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் (206). இத்தனை வருடம் என்று பேசிவிட்டு, தகுந்த காரணமில்லாமல் பாதியில் விட்டாலும் நஷ்டஈடு உண்டு (205). விலகிய செய்தி வெளியாருக்குத் தெரியும்வரை, அவர்களைப் பொறுத்தவரை அவர் ஏஜெண்டுதான் (208).

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றுகிறதா? நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பர்மா கடைகளைப் பாருங்கள். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் அங்கேயும் இதே சட்டம்தான்.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ ஐராவதி டெல்டாவிலோ இருக்கும். நடுவில் கடல்! அதனால் ஏஜெண்டின் கையில் பவர் பத்திரம். கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வழக்கமாக மூன்று வருடத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கைக்கு வந்துவிடும். தவணை முடிந்தால் அடுத்த ஆள் வருவார். பேரேட்டையும் வராக் கடன்களையும் அவரிடம் ஒப்படைத்த பிறகுதான் பழையவருக்கு ஊர்ப் பயணம்.

முன்பணம் வாங்கியவர் பாதியில் கிளம்பினால் என்ன ஆகும்? எந்த விவசாயி எவ்வளவு தர வேண்டும், யாரை நம்பலாம் என்பதெல்லாம் அவரோடு போய்விடும். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-இல் சுமார் 25 சதவீதம் ஆனது. கைமாற்ற வேண்டிய பொறுப்பும் அதே அளவு கூடியது.

பிறகு 1942. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்தியாவுக்குத் தப்பி ஓடினார்கள், பலர் கால்நடையாகவே. முன்னறிவிப்பு கொடுக்க நேரமும் இல்லை, கணக்கை வாங்கிக்கொள்ள அடுத்த ஆளும் இல்லை. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்படைக்க நிலமே மிஞ்சவில்லை.

என் பார்வையில் 206-வது பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "விலகுகிறேன்" என்று எழுத ஒரு நிமிடம் போதும். பொறுப்பு இன்னொரு கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலகல் முழுமையாகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பர்மா பவர் பத்திரம் ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். எத்தனை வருடத் தவணை என்று எனக்கும் சொல்லுங்கள்!