தொட்ட கடியாராவும் ராத்திரி 11.30 மணியும்

மைசூரில் பொட்டி தட்டிய 4 வருஷத்தில் தொட்ட கடியாராவை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது நியூஜெர்ஸியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

தொட்ட கடியாரா என்றால் கன்னடத்தில் பெரிய கடிகாரம். 75 அடி உயரக் கோபுரம், முகப்பில் கன்னட எண்கள். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளிவிழா நினைவாக 1927ல் அரண்மனை ஊழியர்கள் எழுப்பியது. கொஞ்சம் தள்ளி, தேவராஜா மார்க்கெட் பக்கம், 1886லேயே டஃப்ரின் பிரபு பெயரில் வந்த சிக்க கடியாரா. அண்ணாந்து பார்த்தால் ஊருக்கே ஒரே மணி. இன்று ஆளாளுக்குப் பாக்கெட்டில் ஒரு கடிகாரம். என் மணி எனக்கு, அடுத்தவன் மணி யாருக்குத் தெரியும்?

போன வருஷம் ஒரு மதியம், மணி 2. ஏகப்பட்ட ஆணி. மைசூரில் என் டீமில் இருக்கும் பையனுக்கு வாட்ஸப்பில், "அந்த ரிப்போர்ட் என்னாச்சுப்பா?" என்று தட்டினேன். ஒரே நிமிஷத்தில் பதில்: "அரைமணியில அனுப்பறேன் சார்." அனுப்பினான். பையன் கெட்டி என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். அங்கே அப்போது ராத்திரி 11.30. அப்பாவை ஐசியூவில் சேர்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து முடித்திருக்கிறான். அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அவன் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அதுதான் உறுத்தியது.

அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டவுன்ஹால், திவான் ரங்காசார்லு நினைவாகக் கட்டியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த நம்மூர்க்காரர். 1881ல் திவான் ஆனவர் அதே வருஷம் மைசூர் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். 144 பேர். தசரா சமயத்தில் கூடுவார்கள். சட்டம் போடும் அதிகாரம் கிடையாது. அரசு என்ன செய்தது என்று திவான் சொல்வார். ஊரில் என்ன குறை என்று அவர்கள் சொல்வார்கள். 1883ல் ரங்காசார்லு காலமான பிறகும் சபை தொடர்ந்தது.

'குறை இருந்தால் வந்து சொல்லுங்கள்' என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். யார் போய் திவானிடம் சொல்லியிருப்பார்கள்? அதற்கென்று ஒரு நாளும் இடமும் ஒதுக்கினார். என் டீமில் அது இல்லை.

இப்போது என் போனில் மைசூர் மணியும் தெரிகிறது. அங்கே மாலை 7க்கு மேல் நான் எதுவும் அனுப்புவதில்லை. வாரம் ஒருநாள், எனக்குக் காலை 8 மணிக்கு, அரைமணி நேரம் அவர்கள் பேச நான் கேட்கிறேன். முதல் 3 வாரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நாலாவது வாரம் அந்தப் பையன் தொண்டையைச் செருமினான்.

"சார், அப்பாவுக்கு செக்கப் இருக்கு. வியாழக்கிழமை லீவ் வேணும்."

"போய்ட்டு வாப்பா. போனை ஆஃப் பண்ணி வச்சுக்கோ" என்றேன்.

பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த தங்கமணி, "நம்ம வீட்ல உங்க போன் எப்போ ஆஃப்?" என்றாள்.

அடுத்த சீர்திருத்தம் அதுதான்.